வீட்டு நாஸ் பெட்டியிலிருந்து வெளியூருக்கு ஃபைல் பகிர்வது: எது தேறும், எப்படி அமைப்பது

நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து, எல்லாக் கணினிகளும் பயன்படுத்தும் டிஸ்க் பெட்டி) வாங்கி, வீட்டிலிருந்தே வெளியாட்களுக்கு ஃபைல்களைப் பகிரும் எண்ணம் இருந்தால் முதலில் வீட்டு இணைப்பின் அப்லோட் வேகத்தை அளந்துவிடுங்கள். வெளியே இருப்பவர் உங்கள் பெட்டியிலிருந்து ஒரு வீடியோவை இறக்கும்போது அவருக்கு அது டவுன்லோட், உங்கள் இணைப்புக்கு அப்லோட். இணைய நிறுவனங்கள் பெரிய எழுத்தில் போடும் எண் பெரும்பாலும் டவுன்லோட் வேகம்தான். ஃபைபர் இணைப்பில் இரண்டும் சமமாக இருக்கலாம். கேபிளிலும் டிஎஸ்எல்லிலும் அப்லோட் பத்தில் ஒரு பங்காக இருப்பது சாதாரணம்.

கணக்கு எளிது. எம்பிபிஎஸ் (விநாடிக்கு எத்தனை மெகாபிட்) எண்ணை எட்டால் வகுத்தால் விநாடிக்கு எத்தனை மெகாபைட் என்று வரும். 20 எம்பிபிஎஸ் அப்லோட் என்றால் விநாடிக்கு 2.5 மெகாபைட். 10 ஜிபி ஃபைல் ஒன்று போய்ச்சேர 4,000 விநாடி, அதாவது ஒரு மணி ஏழு நிமிடம். 100 எம்பிபிஎஸ் என்றால் அதே ஃபைல் பதின்மூன்று நிமிடத்தில் போய்விடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் இறக்கினால் வேகம் பாதி பாதியாகப் பிரியும். அந்த நேரத்தில் வீட்டில் யாராவது வீடியோ அழைப்பில் இருந்தால் படம் திக்கித் திக்கி வரும். எவ்வளவு விலையுயர்ந்த பெட்டி வாங்கினாலும், அதில் எத்தனை டிஸ்க் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. அளக்கும்போது கணினியை ரவுட்டரில் கேபிளால் இணைத்து, விபிஎன் இருந்தால் அணைத்துவிட்டு, பகலில் ஒருமுறையும் இரவு நெரிசல் நேரத்தில் ஒருமுறையும் அளங்கள். குறைந்த எண்ணையே கணக்கில் எடுங்கள்.

இரண்டாவது சோதனை ஐபி முகவரி. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, இன்டர்நெட் அல்லது வான் (WAN) என்ற பகுதியில் காட்டும் ஐபியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிரவுசரில் உங்கள் ஐபி என்ன என்று காட்டும் தளம் எதையாவது திறந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குப் பொது ஐபி இருக்கிறது. ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால் நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. இதைத்தான் சிஜிநாட் என்பார்கள். 10 என்றோ 192.168 என்றோ தொடங்கினாலும் நிறுவனம் அப்படிச் செய்திருக்கலாம், அல்லது அவர்கள் கொடுத்த மோடமே இன்னொரு ரவுட்டராக நடுவில் நிற்கலாம். சிஜிநாட்டுக்குப் பின்னால் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் வீட்டுக்குள் ஒரு பெட்டிக்குத் திருப்பிவிடுவது) வேலை செய்யாது. ரவுட்டரில் எத்தனை முறை அமைத்தாலும் வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்கள் வீடு வரைக்கும் வரவே வராது. நிறுவனத்திடம் பொது ஐபி கேட்டு வாங்கலாம், அல்லது பின்னால் சொல்லும் விபிஎன் வழியையோ ரிலே வழியையோ எடுக்கலாம்.

இந்த இரண்டு விவரங்களும் கையில் இருந்தால்தான் பெட்டிகளை எடைபோடுவதில் பொருள் இருக்கிறது.

எந்த வகைப் பெட்டி

ரவுட்டரின் பின்னால் உள்ள யுஎஸ்பி துளையில் ஒரு டிஸ்க்கைச் செருகிப் பகிர்வதுதான் செலவே இல்லாத வழி. வீட்டுக்குள் படம் பார்க்க, பிரிண்டருக்கு அனுப்பும் ஃபைல்களைப் போட்டு வைக்க இது போதும். ஆனால் பழைய ரவுட்டர்கள் பல எஸ்எம்பி (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறை) முதல் பதிப்பில்தான் பகிர்கின்றன. 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. அதனால் டிஸ்க் ரவுட்டரில் தெரியும், கணினியில் தெரியாது. அந்தப் பழைய பதிப்பைக் கணினியில் மீண்டும் இயக்கச் சொல்லும் ஆலோசனைகள் ஏராளம். அதைச் செய்யாதீர்கள். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்), அந்தப் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது.

ஒற்றை டிஸ்க்கோடு, மூடிய பெட்டியாக, சொந்த கிளவுட் என்ற பெயரில் வருபவை இன்னொரு வகை. கேபிளைச் செருகி, மொபைல் செயலியில் பதிவுசெய்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். வசதிதான், ஆனால் வெளியிலிருந்து வரும் இணைப்பு முழுக்க அந்த நிறுவனத்தின் சர்வரை நம்பி இருக்கிறது. அவர்கள் சேவையை நிறுத்தினால் உங்கள் பெட்டி வீட்டுக்குள் மட்டும் தெரியும், சில மாடல்களில் அதுகூடச் சிரமம். மென்பொருள் புதுப்பிப்பு நிற்பது அதைவிட மோசம். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகளுக்கு 2015-இலேயே புதுப்பிப்பு நின்றுபோனது. 2021 ஜூனில் யாரோ இணையம் வழியாகப் புகுந்து, அவற்றைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிட்டார்கள். பலருடைய பல வருடத் தரவு ஒரே இரவில் காலியானது. ஒற்றை டிஸ்க் பெட்டி வாங்கினாலும், நிறுவனத்தின் சர்வர் இல்லாமல் அது சாதாரண எஸ்எம்பி பகிர்வாக இயங்குமா, புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை என்ற இரண்டையும் கேட்காமல் வாங்கக் கூடாது.

பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்துவது இரண்டு டிஸ்க் போடும் பெட்டி. ரெய்டு 1 முறையில் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு எழுதப்படும். 8 டெராபைட் டிஸ்க் இரண்டு போட்டால் கிடைப்பது 8 டெராபைட்தான், ஆனால் ஒன்று செத்தாலும் வேலை நிற்காது. (8 டெராபைட் டிஸ்க்கை விண்டோஸ் 7.27 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, கணக்கிடும் முறை வேறு.) மாடல் தேர்வில் புரோசசரின் பெயரைவிட முக்கியமானவை இவை: பாதுகாப்புப் புதுப்பிப்பு இன்னும் எத்தனை ஆண்டு வரும், ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்தில் ஃபைல்கள் இருந்த நிலையைப் பதிந்துவைப்பது) எடுக்கும் வசதி உண்டா, பகிர்வு லிங்க்குக்குக் காலக்கெடுவும் பாஸ்வேர்டும் வைக்க முடியுமா. ஸ்னாப்ஷாட் இல்லாத மாடலை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தவறுதலாக அழித்த ஃபோல்டரையும் ரான்சம்வேர் பூட்டிய ஃபைல்களையும் நேற்றைய நிலைக்கே திருப்ப அது ஒன்றுதான் சுலபமான வழி.

நான்கு டிஸ்க் பெட்டி, வீடியோ எடிட்டிங் போல மூலத் தரவே பத்து டெராபைட்டைத் தாண்டும் வேலைகளுக்கு. ரெய்டு 5 முறையில் 4 டெராபைட் நான்கு போட்டால் 12 கிடைக்கும், ஒரு டிஸ்க் போனால் தாங்கும். வெளியே பகிர்வதற்கென்று மட்டும் இவ்வளவு பெரிதாக வாங்கத் தேவையில்லை.

சொந்தமாக அமைக்க விருப்பமும் பொறுமையும் இருந்தால் பழைய கணினியில் ஓப்பன்மீடியாவால்ட் அல்லது ட்ரூநாஸ் என்ற நாஸ் மென்பொருளைப் போட்டு, அதன்மேல் ஃபைல் பகிரும் நெக்ஸ்ட்கிளவுட் நிறுவலாம். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி என்றால் 4-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோதான் சரி. பை 3 மாடல் பி-யின் ஈதர்நெட் 100 எம்பிபிஎஸ் மட்டுமே. பை 4-இன் நான்கு யுஎஸ்பி துளைகளும் சேர்ந்து 1.2 ஆம்பியர்தான் தரும். தனி மின்சாரம் இல்லாத இரண்டு போர்ட்டபிள் டிஸ்க்குகளைச் செருகினால் எழுதும்போது ஒன்று திடீரென்று காணாமல் போகும். பலர் டிஸ்க்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றுகிறார்கள். தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் வைத்தால் சரியாகிவிடும். பழைய டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே 40, 50 வாட் இழுக்கலாம். இரண்டு டிஸ்க் நாஸ் சுமார் 20 வாட் என்று வைத்தால் வருடம் முழுக்க ஓட 175 யூனிட் ஆகும்.

பகிர வேண்டியது மொத்தம் ஒருசில நூறு ஜிபிதான், வாங்குபவர்கள் எல்லாரும் வெளியூர், அப்லோடும் குறைவு என்றால் நாஸ் வேண்டாம். வாடகை கிளவுட் போதும், அதுவே வேகமாகவும் இருக்கும். வீட்டுக்குள் பல கணினிகள் ஒரே தரவைத் தொடும்போதும், தரவு டெராபைட் கணக்கில் போகும்போதும், வெளியே பகிர்வது அவ்வப்போது மட்டும் என்னும்போதும் நாஸ் வைப்பதில் லாபம் இருக்கிறது. மூலம் நாஸில் இருக்க, பகிரும் நகல் மட்டும் கிளவுடுக்குப் போகும்படி இரண்டையும் சேர்த்து ஓட்டுவது நல்ல ஏற்பாடு. நாஸ் மென்பொருள்கள் பலவற்றிலேயே இதற்கான வசதி உண்டு.

டிஸ்க் வாங்கும்போது ஒரு கண்ணி

டிஸ்க்கில் தரவை எழுதும் முறை இரண்டு. சிஎம்ஆர் முறையில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் முறையில் ஓட்டு வீட்டுக் கூரை போல ஒரு தடத்தின் ஓரம் அடுத்ததன்மேல் ஏறி இருக்கும். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற அடுத்தடுத்த ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டியிருப்பதைப் போல, ஒரு தடத்தை மாற்ற அடுத்தவற்றையும் திருப்பி எழுத வேண்டும். அன்றாட வாசிப்பில் வித்தியாசம் தெரியாது. ஒரு டிஸ்க் செத்து, புதியதில் தரவைத் திரும்பக் கட்டும்போதுதான் பல்லிளிக்கும். 8 டெராபைட்டைச் சராசரி 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலே 15 மணி நேரம் ஆகும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் அது நாள்கணக்கில் இழுக்கும், சில சமயம் டிஸ்க் பதில் சொல்லவில்லை என்று நாஸ் அதையும் வெளியே தள்ளிவிடும். நாஸுக்கென்றே விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020 ஏப்ரலில்தான் வெளியே வந்தது. பெட்டியில் நாஸ் என்று அச்சடித்திருப்பதை நம்பாமல், முழு மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலில் தேடி, சிஎம்ஆர் என்று உறுதிசெய்த பிறகே வாங்குங்கள்.

அமைக்கும் வரிசை

டிஸ்க்குகளைப் பொருத்தும் முன் அவற்றின் லேபிளில் உள்ள சீரியல் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளைச் சிறு ஸ்டிக்கரில் எழுதி, எந்தத் தட்டில் எது போகிறதோ அந்தத் தட்டின் முகப்பில் ஒட்டுங்கள். இப்போது வீண்வேலையாகத் தெரியும், காரணம் கடைசியில் வரும்.

பெட்டியை ரவுட்டரில் கேபிளால் இணையுங்கள், வைஃபை வேண்டாம். ரவுட்டரின் டிஎச்சிபி (ஐபி ஒதுக்கும்) பகுதியில் நாஸின் மேக் முகவரிக்கு (கருவியின் அடையாள எண்) ஒரே ஐபியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். பிறகு வீட்டுக் கணினியிலிருந்து ஒரு 5 ஜிபி ஃபைலை நாஸுக்கு நகலெடுத்துப் பாருங்கள். கிகாபிட் கேபிள் இணைப்பில் விநாடிக்கு 100 முதல் 110 மெகாபைட் வரை வர வேண்டும். 11 அல்லது 12-இல் ஆடாமல் அசையாமல் நின்றால் எங்கோ ஓர் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது. கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் தேவை. ஒரு ஜோடி ஒடிந்திருந்தால் இரண்டு ஜோடியோடு 100-க்கு இறங்கிவிடும், பிழை என்று எங்கும் காட்டாது. நாஸை நோண்டுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

அடுத்து, மென்பொருளைப் புதுப்பித்து, தானியங்கிப் புதுப்பிப்பை இயக்குங்கள். வேறு பெயரில் ஒரு நிர்வாகக் கணக்கை உருவாக்கி, அதில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை வைத்து, அட்மின் என்ற இயல்புக் கணக்கை முடக்குங்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கு அதிகாரம் குறைந்த தனிக் கணக்கு. வெளியே போக வேண்டியவற்றுக்கு மட்டும் பகிர்வு என்று ஒரு தனி ஃபோல்டர். குடும்பப் படங்கள் இருக்கும் ஃபோல்டரிலிருந்து நேரடியாக லிங்க் எடுக்கும் பழக்கம் வேண்டாம். ஒரு தவறான கிளிக்கில் மேல் ஃபோல்டரே வெளியே போய்விடும். ஸ்னாப்ஷாட்டைத் தினம் ஒருமுறை எடுக்கவும் 30 நாள் வைத்திருக்கவும் அமையுங்கள்.

வெளியிலிருந்து வரும் வழி

இந்த இடத்தில்தான் அதிக ஆபத்து, அதனால் நிதானமாகப் படியுங்கள்.

நாஸ் தயாரித்த நிறுவனத்தின் ரிலே சேவை முதல் வழி. சினாலஜி நாஸ்களில் குவிக்கனெக்ட் என்று இருக்கும், மற்றவர்களிடம் வேறு பெயரில் இருக்கும். ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம், சிஜிநாட்டுக்குப் பின்னாலும் வேலை செய்யும். ஆனால் தரவு அவர்கள் சர்வரைச் சுற்றிப் போகும்போது வேகம் குறையும். ஆவணம், படம் என்றால் போதும். பெரிய வீடியோவுக்குப் பொறுமை வேண்டும்.

உங்கள் குடும்பத்தாரும் உடன் வேலை செய்பவர்களும் மட்டுமே வருவார்கள் என்றால் விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் பூட்டிய பாதை) சிறந்தது. வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டால் ரவுட்டரில் திறக்க வேண்டியது ஒரே ஒரு யுடிபி போர்ட், வழக்கமாக 51820. சரியான சாவி இல்லாதவருக்கு அது பதிலே சொல்லாது, அதனால் போர்ட்டைத் தேடி அலைபவர்களுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. பொது ஐபி இல்லாதவர்களுக்கு டெய்ல்ஸ்கேல் உதவும். அதுவும் வயர்கார்டுதான், ஆனால் இரு முனைகளையும் தானே தேடி இணைத்துக்கொள்ளும். வரும் ஒவ்வொருவரும் ஒரு செயலி நிறுவ வேண்டும் என்பது மட்டுமே சிரமம். ஒருமுறை ஃபைல் வாங்கிப் போகிறவரிடம் அதைக் கேட்க முடியாது.

அப்படிப்பட்டவர்களுக்கு மூன்றாவது வழியான போர்ட் ஃபார்வர்டிங். பொது ஐபி இருந்தால், டிடிஎன்எஸ் பெயர் (ஐபி மாறினாலும் உங்கள் வீட்டையே காட்டும் பெயர்) ஒன்றைப் பதிவுசெய்து, இணைப்பை மறையாக்க லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வாங்கி, பகிர்வு லிங்க்கைத் தரும் பக்கத்துக்கு மட்டும் 443 போர்ட்டைத் திறக்கலாம். எஸ்எம்பியின் 445, எஃப்டிபியின் 21, எஸ்எஸ்எச்சின் 22, நாஸின் நிர்வாகப் பக்கம் இருக்கும் 5000, 5001, 8080 போன்றவை எதையும் வெளியே திறக்காதீர்கள். சினாலஜி பெட்டிகளை 2014-இல் சினோலாக்கர் என்ற ரான்சம்வேர் பூட்டியது. கியூநாப் பெட்டிகளில் 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் புகுந்து, பெட்டியிலேயே இருந்த 7-ஜிப்பைக் கொண்டே ஃபைல்களுக்குப் பாஸ்வேர்டு போட்டது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் வந்தது. மூன்றிலும் மாட்டியவை இணையத்துக்கு நேராகத் திறந்துவைக்கப்பட்ட பெட்டிகள். அவற்றில் சில, உரிமையாளருக்கே தெரியாமல் திறந்திருக்கக்கூடியவை. யுபிஎன்பி என்ற வசதி இயங்கினால் நாஸ் கேட்டதும் ரவுட்டர் போர்ட்டைத் தானே திறந்துவிடும். ரவுட்டரில் அதை அணைத்துவிட்டு, ஃபார்வர்டிங் பட்டியலில் என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

லிங்க் அனுப்பும்போது

30 ஜிபி வீடியோத் தொகுப்பு ஒன்றை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஃபோல்டரை அப்படியே லிங்க்காகக் கொடுத்தால், வாங்குபவர் மொத்தமாக இறக்கும்போது நாஸ் அந்த நேரத்திலேயே ஜிப் கட்டத் தொடங்கும். மொத்த அளவு முன்கூட்டித் தெரியாததால் பிரவுசர் எவ்வளவு மீதி என்று காட்டாது, நடுவில் அறுந்தால் பெரும்பாலும் முதலிலிருந்துதான். முன்னதாகவே நீங்கள் 7-ஜிப்பில் சுருக்காமல் சேமிக்கும் முறையைத் தேர்ந்து, 2 ஜிபி துண்டுகளாகக் கட்டி வையுங்கள். வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது, மேலும் சுருக்க முயல்வது நேர விரயம். 15 துண்டில் ஒன்று அறுந்தால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி இறக்கிக்கொள்வார்கள்.

லிங்க்குக்கு ஏழு நாள் கெடு, பாஸ்வேர்டு, இறக்க மட்டும் அனுமதி. பாஸ்வேர்டை லிங்க் போகும் அதே மின்னஞ்சலில் போடாமல் மெசேஜிலோ போனிலோ சொல்லுங்கள். நாஸின் வெளிப்போக்கு வேகத்தை அப்லோடில் முக்கால் பங்காகக் கட்டுப்படுத்தினால் வீட்டில் மற்றவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அனுப்புமுன் மொபைலில் வைஃபையை அணைத்துவிட்டு, சிம் டேட்டாவில் அந்த லிங்க்கைத் திறந்து பாருங்கள். லிங்க்கில் 192.168 என்று தொடங்கும் முகவரி இருந்தால் வெளியே யாருக்கும் திறக்காது. பகிர்வு அமைப்பில் டிடிஎன்எஸ் பெயரைப் போட மறந்திருக்கிறீர்கள். சிம்மில் திறக்கிறது, வீட்டு வைஃபையில் திறக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். உள்ளிருந்து போய்த் தன் பொது ஐபிக்கே திரும்பி வரும் இணைப்பைச் சில ரவுட்டர்கள் ஏற்பதில்லை, வெளியே இருப்பவர்களுக்குப் பாதிப்பில்லை. இரண்டு மூன்று மாதம் ஓடிவிட்டுத் திடீரென்று பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் சான்றிதழைப் பாருங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாளில் காலாவதியாகும். புதுப்பிக்கும் முறை 80 போர்ட்டைச் சார்ந்திருந்து, அந்தப் போர்ட் மூடியிருந்தால் தோல்வியடையும்.

பேக்கப்பும் டிஸ்க் மாற்றமும்

ரெய்டு பேக்கப் ஆகாது. நீங்கள் அழித்த ஃபைல் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். திருட்டு, தீ, மின்னல் எதற்கும் அது காவல் இல்லை. ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் வாரம் ஒருமுறை நகலெடுத்து, முடிந்ததும் கழற்றி வையுங்கள். செருகியே வைத்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டும். இன்னொரு நகல் வேறு கட்டடத்தில் இருக்கட்டும், அல்லது மறையாக்கம் செய்து கிளவுடில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு ஃபோல்டரை மீட்டெடுத்து, உள்ளே இருக்கும் ஃபைல்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். நாஸுக்கு ஒரு யுபிஎஸ் வைத்து அதன் யுஎஸ்பி கேபிளையும் இணைத்தால் பேட்டரி தீருமுன் நாஸ் தானே ஒழுங்காக அணைந்துவிடும்.

மாதம் ஒருமுறை ஸ்மார்ட் பட்டியலில் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் பட்டியல்) 5, 197, 198 எண்ணுள்ள வரிகளைப் பாருங்கள். அவற்றின் மதிப்பு பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூடினால் மாற்று டிஸ்க்கை வாங்கி வைக்க வேண்டிய நேரம். 199 மட்டும் ஏறினால் சந்தேகப்பட வேண்டியது கேபிளை அல்லது இணைப்புப் பகுதியை.

டிஸ்க் செத்த நாளில் பதற்றத்தில் நடக்கும் பெரிய தவறு, நல்ல டிஸ்க்கை உருவிவிடுவது. முகப்பு விளக்கை மட்டும் பார்த்துக் கை வைக்காதீர்கள். முதலில் பேக்கப்பைப் புதுப்பியுங்கள். திரையில் கெட்டது என்று காட்டும் டிஸ்க்கின் சீரியல் எண்ணைப் பார்த்து, தட்டின் முகப்பில் ஒட்டிய ஸ்டிக்கரோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். பொருந்தினால் மட்டும் அந்தத் தட்டை வெளியே இழுங்கள்.